விண்நடை மாதிரி மேடை: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால் தண்டையார்பேட்டை மொட்டைமாடியிலிருந்தே தெரியும். பிள்ளைகள் வடக்கே பார்த்து நின்று கூச்சல் போடுவார்கள். அப்படி ஒரு நாளில்தான் எங்கள் தெருப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அண்ணா, மேல விண்வெளி நிலையத்துக்கு வெளிய ஆள் தொங்கி வேலை செய்யறாங்களே, அவங்க அசையற அசைவுக்கு நிலையம் திரும்பிடாதா?” வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாமல் செய்ததுதான் இந்த மேடை. இப்போது ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் சில பள்ளிகளில் ஓடுகிறது. ஓடுகிறது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஏதாவது ஒன்று எப்போதும் பழுதாகி என் மாடி அறையில்தான் கிடக்கும். அதனால் எல்லாருக்கும் உதவுமே என்று எழுதி வைக்கிறேன்.

மேடை இதுதான்: இரண்டடி அகலப் பிளைவுட் வட்டம், கீழே பழைய சீலிங் ஃபேனிலிருந்து எடுத்த 6202 பேரிங். நடுவில் மோட்டாரில் மாட்டிய சக்கரம், அதன் விளிம்பில் 16 நட்டுகள். ஓரத்தில் ஒரு முழ நீளக் கை. அதன் முனையில் காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை வயிற்றில் கட்டிய பொம்மை. சின்ன செர்வோ மோட்டார் அந்தக் கையை வீசும். பொம்மைதான் விண்நடைக்காரர். மேடை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எம்பியூ 6050 சென்சார் சொல்ல, ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகை சக்கரத்தை வேகமாகவோ மெதுவாகவோ சுற்றி மேடையை நிறுத்திப் பிடிக்கும்.

மேலே உள்ள நிலையத்தில் சக்கரத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதில்லை. அங்கே நான்கு பெரிய கைரோக்கள். ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட 100 கிலோ சக்கரம் நிமிடத்துக்கு 6,600 சுற்று என்று ஒரே வேகத்தில் ஓடும்; அது சுற்றும் அச்சைச் சாய்த்துத்தான் நிலையத்தைத் திருப்புவார்கள். செய்முறை வேறு, படும் பாடு ஒன்றுதான்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இதை மனதில் வையுங்கள். பொம்மை அசையும்போது சக்கரம் வேகம் எடுக்கும்; பொம்மை நின்றதும் சக்கரமும் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் குற்றம் பொம்மையுடையது அல்ல, வெளியிலிருந்து ஏதோ தள்ளுகிறது. ஃபைபர் போட்டில் ஆள் முன்னும் பின்னும் நடந்தால் போட் கொஞ்சம் அசையும், அவர் நின்றதும் அதுவும் நிற்கும். காற்று தள்ளினால் அப்படியா? தள்ளிக்கொண்டே போகும். என்னிடம் மேடையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் பொம்மையின் எடையைக் குறைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். தயவுசெய்து பொம்மையைத் தொடாதீர்கள்.

## அறிகுறி 1: கட்டுப்பாட்டை அணைத்த பிறகும் மேடை அசையவே இல்லை

இதைக் கோளாறு என்றே பலர் நினைப்பதில்லை. “நல்லா கெட்டியா நிக்குது சார்” என்று ஒரு ஆசிரியர் சந்தோஷப்பட்டார். சக்கரத்தை அணைத்துவிட்டுப் பொம்மையை 90 டிகிரி வீசினால் மேடை எதிர்ப்பக்கம் 10, 12 டிகிரியாவது திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் பேரிங் பிடித்திருக்கிறது. நீங்கள் காட்டுவது விண்வெளி இல்லை, வெறும் மேசை.

சோதனை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு விரலால் லேசாகத் தள்ளுங்கள். ஒரு சுற்றாவது தானாகப் போக வேண்டும். பாதியில் ‘டக்’கென்று நின்றால் கோளாறு இருக்கிறது.

நடு போல்ட் இறுகியிருந்தால். தூக்கிக்கொண்டு போகும்போது ஆடுகிறதே என்று யாராவது முறுக்கியிருப்பார்கள். கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். காசு செலவில்லை.

உள்ளே குப்பை இருந்தால். வட சென்னைக்கே உரிய வியாதி ஒன்று உண்டு: கேரம் பவுடர். “போர்டுல போட்டா ஸ்ட்ரைக்கர் வழுக்கிட்டுப் போகுதே சார், அதான் பேரிங்லயும் போட்டோம்” என்றான் ஒரு பையன். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். ஆனால் உள்ளே இருந்த கிரீஸோடு சேர்ந்து அது பசையாகிவிட்டது. பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். கிரீஸ் வேண்டாம், இவ்வளவு லேசான மேடைக்கு அது கனம்.

துருப்பிடித்திருந்தால். கடலோரப் பள்ளிகளில் ஒரு கோடை விடுமுறை போதும். கையில் சுற்றிப் பார்த்தால் மணல் அரைபடுவது போலத் தெரியும். கழுவிப் பயனில்லை, புதிதாக வாங்கிப் போடுங்கள்.

லேத் பட்டறைக்குப் போக வேண்டியது எப்போது? புதுப் பேரிங் போட்ட பிறகும் ஒரே இடத்தில் வந்து இடித்தால், அது உட்காரும் குழி கோணியிருக்கிறது. சுத்தியலால் தட்டி உட்கார வைக்காதீர்கள். நான் தட்டியிருக்கிறேன். கடைசியில் பட்டறை பாய், “எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி இத யார் அடிச்சது?” என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

## அறிகுறி 2: சக்கரம் வேகம் எடுத்துக்கொண்டே போய், கடைசியில் மேடை கைவிட்டுச் சுற்றுகிறது

அதிகம் வருவது இதுதான். பலரும் தப்பாகப் பழுது பார்ப்பதும் இதைத்தான்.

நம் சக்கரத்துக்கு நிமிடத்துக்கு 300 சுற்றுதான் எல்லை. பொம்மை வீச்சைச் சமாளிக்க 40, 50 சுற்றே போதும். அப்படியிருக்க 300-ஐத் தொடுகிறது என்றால், ஒரே பக்கமாக ஏதோ ஒன்று விடாமல் தள்ள, சக்கரம் அதை வாங்கி வாங்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. எல்லையைத் தொட்டதும் அதற்கு மேல் வாங்க இடமில்லை. நிரம்பிய குடத்தில் குழாயைத் திறந்துவிட்ட கதை.

பொம்மை ஒரே இடத்தில் நிற்கும்போதும் வேகம் ஏறுகிறதா?

ஏறினால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். சீலிங் ஃபேன். அதன் காற்று மேடைமேல் சுழன்று விழும். பொம்மையின் கை துடுப்பு மாதிரி அதை வாங்கிக்கொள்ளும். ஃபேனை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். மே மாதத்தில் 40 பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறையில் ஃபேனை அணைக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும், இரண்டே நிமிடம்தான். நிலையமும் இந்தத் தொல்லையிலிருந்து தப்பவில்லை. 400 கிலோமீட்டர் உயரத்திலும் மிச்சமிருக்கும் மெல்லிய காற்று அதன் அகன்ற சூரியத் தகடுகளில் மோதித் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்து ஒயர். பேட்டரி மேடைமேலேயே இருக்க வேண்டும். சார்ஜர் ஒயரையோ லேப்டாப் ஒயரையோ மாட்டியபடி ஓட்டினால், அது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் போலத் தள்ளும்.

மூன்றாவது தரைச் சரிவு. பழைய கட்டடங்களில் தண்ணீர் வடியட்டும் என்று தரையையே சாய்த்துப் போட்டிருப்பார்கள். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி மேடைமேல் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பாருங்கள். ரசமட்டம் இல்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது. சக்கரம் எந்தப் பக்கம் வேகம் எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேடையை அரைச்சுற்று திருப்பி நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள். சக்கரம் இப்போது எதிர்ப்பக்கம் ஏறினால் சரிவுதான் காரணம். காலுக்கடியில் அட்டையை மடித்து வையுங்கள். சரிவை முழுதாகப் போக்க முடியாத அறையில், பேட்டரியைப் பொம்மைக்கு எதிர்ப்பக்கம் நகர்த்திக் கனத்தைச் சமன் செய்தாலே பாதித் தொல்லை தீரும்.

பொம்மை வெளியே போன பிறகுதான் ஏறுகிறதா?

அப்போதும் முதல் சந்தேகம் சரிவுதான். பொம்மை ஓரத்துக்குப் போனதும் கனம் ஒரு பக்கம் சாய்கிறது. உள்ளே இருந்தபோது தெரியாத சரிவு இப்போது வேலையைக் காட்டுகிறது. சரிவு இல்லை என்று உறுதியானால் பொம்மையைப் பாருங்கள். ஒரு பள்ளியில் அழகுக்காகப் பொம்மை முதுகில் குட்டி ஃபேன் ஒன்றை மாட்டியிருந்தார்கள், மூச்சுக் கருவியாம். அது ஊதிக்கொண்டே இருந்தது. மேடை எப்படி நிற்கும்?

சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், அந்தப் பிள்ளைகள் தெரியாமலேயே அசலைச் செய்துவிட்டார்கள். விண்நடை உடையைக் குளிர வைக்கும் கருவி, பனிக்கட்டியை நேரே ஆவியாக்கி வெளியே விடுகிறது. மணிக்கணக்கில் ஒரே பக்கம் போகும் அந்த ஆவி, சின்ன ராக்கெட் மாதிரி தள்ளும். ஆள் கைப்பிடியைப் பிடித்து இழுப்பதும் உதைப்பதும் கடைசியில் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும்; ஆவி விட்டது விட்டதுதான். வெளியே போகும் அறையைக் காலி செய்யும்போது மிச்சக் காற்றைத் திறந்துவிடுகிறார்களே, அதுவும் இதே கணக்கு.

இதில் இன்னொரு சிக்கல். கைரோக்கள் நிரம்பினால் மற்ற நேரங்களில் சிறு ராக்கெட்டுகளை ஊதி அவற்றைக் காலி செய்வார்கள். அந்த எரிபொருளோ நச்சு. பக்கத்தில் ஆள் வேலை செய்யும்போது ஊத முடியாது, அணைத்து வைத்துவிடுவார்கள். 2004, 2005-இல் நிலையத்தின் ரஷ்யப் பகுதியான ஸ்வெஸ்தாவின் பின்புறம் நடந்த விண்நடைகளில் இப்படிக் கைரோக்கள் நிரம்பி, நிலையம் தன் நிலையிலிருந்து மெல்ல விலகியதுண்டு. ஆட்கள் ஒதுங்கிய பிறகுதான் ராக்கெட்டுகளுக்கு வேலை.

நம் மேடையில் ராக்கெட் இல்லை. விரல்தான். மேடையைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை நிற்க வையுங்கள், பிறகு விடுங்கள். காட்சியின் நடுவில் இதைச் செய்ய வெட்கப்படாதீர்கள். “இப்போ ராக்கெட் ஊதுது” என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள், பாடமும் ஆகிவிடும்.

ஃபேன், ஒயர், சரிவு, பொம்மை நான்கையும் பார்த்த பிறகும் ஏறினால், நடுத்தண்டு வளைந்திருக்கலாம். அது லேத் வேலை. கையால் நிமிர்த்த முடியாது.

## அறிகுறி 3: சக்கரம் சாதாரணமாக இருக்கிறது, மேடை மட்டும் மெதுவாகத் திரும்புகிறது

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். மேடை நேராக நிற்பதாகச் சென்சார் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆக, பொய் சொல்வது சென்சார்.

ஆன் செய்த முதல் சில விநாடிகளில் மேடையை யாராவது தொட்டார்களா? அந்த நேரத்தில்தான் அது ‘அசையாமல் இருப்பது எப்படி’ என்று கற்றுக்கொள்கிறது. அணைத்து, கையை எடுத்துவிட்டு, பத்து எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். பத்தில் ஏழு முறை இதோடு முடிந்துவிடும்.

அடுத்தது சூடு. மோட்டாருக்குக் கரண்ட் விடும் டிரைவர் பலகைக்குப் பக்கத்தில் சென்சாரை ஒட்டியிருந்தால், கால் மணி நேரத்தில் சூடேறிக் கணக்கு மாறும். நான்கு விரல் தள்ளி ஒட்டுங்கள். 1973-இல் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்திலும் திரும்பும் வேகத்தை அளக்கும் கருவிகள் சூடாகித் தடுமாறின. அந்த ஆகஸ்டில் இரண்டாவது குழுவினர் விண்நடை போய் இணைப்பைச் செய்ததால், ஆறு புதிய கருவிகள் கொண்ட பெட்டி ஒன்று வேலைக்கு வந்தது. அங்கே விண்நடை நிலையத்தின் பிடிப்பைக் கெடுக்கவில்லை, காப்பாற்றியது. வகுப்பில் இதையும் சொல்லுங்கள்.

கடைசியாகச் சென்சாரையே மாற்றுங்கள். விலை குறைவு, ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். கால்களுக்குச் சால்டர் வைக்கப் பழக்கமில்லை என்றால் செல்போன் ரிப்பேர் கடையில் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை.

## அறிகுறி 4: பொம்மை நின்ற பிறகும் மேடை இடமும் வலமுமாகத் தலையாட்டுகிறது

ஈயக்குண்டு நூலில் தொங்குகிறதா? ஊஞ்சல் மாதிரி ஆடும். கையோடு சேர்த்து இறுக்கக் கட்டுங்கள். அடுத்து மோட்டாரின் அடி ஸ்க்ரூ, சக்கரத்தைத் தண்டோடு பிடிக்கும் ஸ்க்ரூ. இரண்டில் எது தளர்ந்தாலும், ஆர்டுயினோ சொன்னது சக்கரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிடும். பிறகு அது திருத்த, அதைத் திருத்த, ஒரே தள்ளாட்டம். ஸ்க்ரூ எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் நிரலில் உள்ள முதல் பெருக்கெண்ணை, அதாவது மேடை திரும்பினால் சக்கரம் எவ்வளவு வேகமாகப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணை, பாதியாகக் குறையுங்கள். ஸ்க்ரூவைப் பார்க்காமல் எண்ணில் கை வைத்தால் ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான், அனுபவம்.

நிலையத்திலும் ஆள் நிற்பது சில நேரம் 17.6 மீட்டர் நீள ரோபோ கையின் முனையில். அதனால்தான் அந்தக் கை அவ்வளவு நிதானமாக நகர்கிறது. ஆளின் அசைவு நிலையத்தை எவ்வளவு ஆட்டும் என்று ஸ்கைலேப்பிலேயே தனிச் சோதனை வைத்து அளந்திருக்கிறார்கள்.

## அறிகுறி 5: மேடை பொம்மையோடு போட்டி போட்டுக்கொண்டு சுற்றுகிறது

மோட்டாரின் இரண்டு ஒயர்களும் இடம் மாறிவிட்டன. மாற்றிப் போடுங்கள். தடுக்க வேண்டியதே தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு, 2021 ஜூலை 29 அன்று நிலையத்தோடு புதிதாக வந்து இணைந்த ரஷ்யாவின் நவுகா பகுதி தானாகவே ராக்கெட்டுகளை ஊதியதைச் சொல்லலாம். நிலையம் ஒன்றரைச் சுற்று சுற்றிவிட்டது.

## அறிகுறி 6: சக்கரம் அதிர்கிறது, சத்தம் போடுகிறது

உடனே அணையுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். விளிம்பு நட்டு ஒன்று பிய்த்துக்கொண்டு வந்தால் கண்ணுக்கு ஆபத்து.

16 நட்டுகளையும் எண்ணுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலே இப்படி ஆகும். எல்லாம் இருந்தால் சக்கரத்தைக் கழற்றி, படுக்கையாகப் பிடித்த ஒரு கம்பியில், சக்கரம் செங்குத்தாக நிற்கும்படி கோத்துச் சுற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். எதிர்ப்பக்கம் வாஷர் ஒன்று சேருங்கள். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நிற்கிறது, ஆனாலும் மோட்டாரில் மாட்டினால் அதிர்கிறது என்றால், மோட்டாரின் உள் புஷ் தேய்ந்துவிட்டது. இதைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். மோட்டார் கடையில் காட்டி, ரிப்பேர் கூலி புது விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்குங்கள்.

அதிர்வைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். 2002 ஜூனில் நிலையத்தின் ஒரு கைரோ பேரிங் கெட்டு நின்றது. மூன்று வருடம் கழித்து, 2005-இல் விண்வெளி வீரர்கள் சோய்ச்சி நொகுச்சியும் ஸ்டீவ் ராபின்சனும் விண்நடை போய்த்தான் மாற்றினார்கள். 2006 அக்டோபரில் இன்னொன்றில் அதிர்வு கூடியது. அது உடைகிற வரை காத்திருக்காமல் அணைத்துவிட்டு, அடுத்த ஆகஸ்டில் மாற்றினார்கள்.

## அறிகுறி 7: பொம்மை அசையத் தொடங்கியதும் எல்லாம் அணைந்து மறுபடி தொடங்குகிறது

பேட்டரி இறங்கியிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டே பொம்மையை வீசுங்கள். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டி, வீசும்போது 9-க்கு இறங்கினால் பேட்டரி முடிந்தது. இறங்கவில்லை என்றால் ஸ்விட்ச், கிளிப், ஒயர் முனை என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். எங்காவது லூஸ் காண்டாக்ட் இருக்கும். உப்புக் காற்றில் பச்சை பூத்த கிளிப்பை உப்புத்தாளால் தேயுங்கள். அதுவும் இல்லையென்றால், செர்வோ ஆர்டுயினோவிலிருந்தே கரண்ட் எடுக்கிறதா என்று பாருங்கள். அதற்குத் தனி 5 வோல்ட் பலகை கொடுக்க வேண்டும். எல்298என் டிரைவர் கருகிய வாசனை அடித்தால் மாற்றத்தான் வேண்டும்.

இந்தக் கோளாறு வந்தால் நான் வகுப்பில் சொல்லும் கதை ஒன்று உண்டு. 2004 ஏப்ரலில் நிலையத்தின் இன்னொரு கைரோ நின்றது. கைரோ நன்றாகத்தான் இருந்தது; அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டிதான் கோளாறு. ஏற்கெனவே ஒன்று கெட்டுப்போனதால் மிச்சம் இரண்டுதான். ஜூன் 24 அன்று நிலையத்தில் இருந்த வீரர்கள் பதால்காவும் மைக் ஃபின்கும் அந்தப் பெட்டியை மாற்ற வெளியே கிளம்பினார்கள். ஃபின்கின் ஆக்சிஜன் தொட்டியில் அழுத்தம் இறங்குவது தெரிந்ததும் 14 நிமிடத்திலேயே திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆறு நாள் கழித்து மறுபடி போய்ப் பெட்டியை மாற்ற, கைரோ ஓடியது. ஆகவே சக்கரம் நின்றால் சக்கரத்தைக் கழற்றாதீர்கள், முதலில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள்.

லித்தியம் பேட்டரி பயன்படுத்துகிறவர்கள்: பை உப்பியிருந்தால் சார்ஜ் போடக் கூடாது, குத்தக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்து, பழைய பேட்டரி எடுக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் என்னிடம் கொண்டு வாருங்கள். வரும்போது மூன்று விஷயம் எழுதி எடுத்து வாருங்கள்: பொம்மை எந்தப் பக்கம் வீசியது, சக்கரம் எந்தப் பக்கம் சுற்றியது, பொம்மை நின்றபின் சக்கரம் இறங்கியதா இல்லையா. கேரம் பவுடர் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.